நிர்வாகி ஊதியமும் முதலீட்டுச் சாய்வும்

நிறுவனத்தின் உயர் நிர்வாகிகளுக்குத் தரப்படும் சம்பளம், போனஸ், பங்கு விருப்புரிமை ஆகியவை அவர்களுடைய முதலீட்டு முடிவுகளை ஒரு பக்கமாக இழுப்பதே முதலீட்டுச் சாய்வு. ஆண்டு லாபத்தைப் பார்த்து போனஸ் தந்தால், பத்தாண்டு கழித்துப் பலன் தரும் திட்டம் தள்ளிப்போகும். நிறுவனத்தின் அளவைப் பார்த்துத் தந்தால், வேண்டாத நிறுவனங்களையும் வாங்கிச் சேர்க்கும் ஆசை வரும்.

உரிமை ஒருவரிடமும் நிர்வாகம் வேறொருவரிடமும் இருப்பதால் எழும் இச்சிக்கலுக்கு ஜென்சன், மெக்ளிங் இருவரும் 1976இல் கோட்பாட்டு வடிவம் தந்தனர். 2005இல் வெளியான கிரகாம், ஹார்வி, ராஜகோபால் ஆய்வில், லாப இலக்கை எட்டுவதற்காக ஆராய்ச்சி, விளம்பரம், பராமரிப்புச் செலவுகளைக் குறைப்போம் என்று அமெரிக்க நிதி நிர்வாகிகளில் 80 சதவீதம் பேர் கூசாமல் ஒப்புக்கொண்டனர். ஆனால் அவர்கள் முக்கியக் காரணமாகச் சொன்னவை பங்கு விலையும் தங்கள் பதவி வாழ்வும்தான். போனஸ் அதற்கும் பின்னால்தான் வந்தது.

இந்தியாவில் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 197ஆவது பிரிவு, இயக்குநர்களின் மொத்த ஊதியத்தைப் பொதுவாக நிகர லாபத்தில் 11 சதவீதத்துக்குள் நிறுத்துகிறது. பங்குதாரர்கள் பொதுக்கூட்டத்தில் இதைத் தாண்ட அனுமதிக்கலாம். வங்கிகளுக்குக் கடிவாளம் இன்னும் இறுக்கம். ரிசர்வ் வங்கியின் 2019 நவம்பர் வழிகாட்டுதலின்படி, தனியார் வங்கித் தலைவரின் ஊதியத்தில் குறைந்தது பாதி, செயல்பாட்டுக்கு ஏற்ப மாறுவதாக இருக்க வேண்டும். அதிலும் குறைந்தது 60 சதவீதத்தை மூன்றாண்டுகளுக்குக் குறையாமல் தள்ளிக் கொடுக்க வேண்டும். தவறு தெரியவந்தால் கொடுத்ததைத் திரும்பப் பெறவும் இடமுண்டு. இன்று வாரி வழங்கிய கடன் நாளை வாராக்கடனாகும்போது, போனஸ் வாங்கியவர் வெளியேறியிருப்பார் என்பதே இவ்விதியின் பின்னுள்ள கவலை.

மும்பை அணுசக்தி நகரில் தலைமையகம் கொண்ட, 1987இல் தொடங்கிய இந்திய அணுமின் கழகம் இந்த வங்கிகளுக்கு நேர்மாறு. அரசு நிறுவனம் என்பதால் 197ஆவது பிரிவு அதற்குப் பொருந்தாது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாததால் பங்கு விலை பற்றிய பதற்றமும் இல்லை. ஊதியமும் அரசு அட்டவணைப்படிதான்: பயிற்சி முடித்த பொறியாளருக்கு ஏழாவது ஊதியக்குழு அட்டவணையின் 10ஆம் நிலைச் சம்பளம். தொடக்க அடிப்படை ரூ. 56,100.

ஊதியத்தில் பங்கு விலைத் தூண்டில் இல்லாததால் முதலீட்டில் கோளாறே வராது என்று சொல்வதற்கில்லை. கழகம் கூடங்குளத்தில் 2002இல் கட்டத் தொடங்கிய முதல் அணு உலை 2014 டிசம்பர் 31 அன்றுதான் வணிக உற்பத்திக்கு வந்தது. உலைக்கு எதிரான 2011–12 போராட்டங்களும் தாமதத்துக்கு ஒரு காரணம். முதலிரண்டு உலைகளுக்கும் ரூ. 13,171 கோடி என்றிருந்த மதிப்பீடு ரூ. 22,462 கோடியாக ஏறியது. இதற்கிடையே கழகத்தின் தலைவர் நாற்காலி ஒருமுறைக்கு மேல் கைமாறியது. இத்தகைய திட்டங்களில் தொடக்கத்தில் கையெழுத்திட்டவரே முடிவுக்கும் பதில் சொல்வது அரிது. ஊதிய விதியால் மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது. இத்திட்டத்தை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) 2017ஆம் ஆண்டு அறிக்கையும், இரண்டு உலைகளும் உற்பத்தியைத் தொடங்கிய பிறகே வந்தது.