துவரனும் துவர்த்தும்

நாஞ்சில் நாட்டு இலையில் தினமும் இடம்பிடிக்கும் தொடுகறி துவரன். காய், கீரை, பிஞ்சு எதுவானாலும் பொடியாக அரிந்து, அரைகுறையாகச் சதைத்த தேங்காயோடு சேர்த்து, சொட்டு நீர் நில்லாமல் வேகவைத்து எடுப்பது. இந்தப் பெயருக்குத் துவரம் பருப்பைக் காரணம் காட்டுவார் உண்டு. துவர்ப்புள்ள வாழைப்பூவில் செய்ததால் துவரன் என்பாரும் உண்டு. இரண்டும் அடுப்படிப் பக்கம் போகாதவர்களின் சொல்லாராய்ச்சி. துவரனில் துவரம் பருப்பு சேர்வதில்லை. தாளிப்பில் விழுவது உளுந்து. முட்டைக்கோசிலும் சீனி அவரையிலும் துவர்ப்பு ஏது? ஒலி ஒத்தால் போதுமென்றால், வேளிர் ஆண்டதாகப் புறநானூற்று 201ஆம் பாட்டில் கபிலர் சொல்லும் துவரை நகரிலிருந்து இந்தக் கறி வந்தது என்றுகூட நிறுவிவிடலாம்.

பெயரின் காரணம் செய்முறையிலேயே இருக்கிறது. மாசி கடைசியிலும் பங்குனியிலும் பலாமரத்தில் சுளை பிரியாத பிஞ்சுகள் கிடைக்கும். குமரி மாவட்டத்தில் பலாப்பழம் சக்கை. இந்தப் பிஞ்சு இடிச்சக்கை. கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு முள்தோலைச் சீவி, துண்டு போட்டு, மஞ்சளும் உப்பும் சேர்த்து வேகவைத்து, நீரை வடிக்க வேண்டும். பிறகு உரலிலோ அம்மியிலோ இட்டு ஓங்காமல் இடித்தால் கறி நார்நாராகப் பிரியும். இடிச்சக்கை என்ற பெயருக்கு இந்த இடிதான் காரணம், வானத்து இடியல்ல. தேங்காய், சீரகம், பூண்டு, மிளகாய், மஞ்சள் ஆகியவற்றை மைபோல அரைக்காமல் சதைத்துக்கொள்வார்கள். கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்துக் கறியைக் கொட்டி, நடுவில் குழி பறித்துத் தேங்காய்க் கூட்டை உள்ளே வைத்து மூடிவிட்டால் அதன் பச்சை வாசம் போகும். பிறகு மூடியைத் திறந்து கிளற வேண்டும். கறியின் பக்குவம் இந்தக் கடைசிக் கிளறலில் இருக்கிறது. ஆவி அடங்கி, கறி ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர வேண்டும். ஈரம் நின்றால் அது துவரன் ஆகாது. கூட்டுக்கும் அவியலுக்கும் நடுவே பெயரில்லாத ஏதோ ஒன்று ஆகும்.

தமிழில் துவர் இரண்டு. ஒன்று செம்மையும் சுவையும் பற்றியது: பவளத்தைக் குறிக்கும் துவர், துறவியரின் துவராடை, துவர்ப்பு, துவரை. கன்னடத்தில் துவர்ப்பு தொகரு, துவரை தொகரி. ஆகவே பருப்பு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. மற்றொரு துவர் உலர்தல். அதற்குச் சான்று தருபவரும் கபிலர்தான். குறிஞ்சிப்பாட்டில் சுனையாடிக் கரையேறிய பெண்கள், புகழ்பெற்ற பூப்பட்டியல் தொடங்கும் முன், கூந்தலைப் பிழிந்து ஈரம் புலர்த்துகிறார்கள். கபிலர் அங்கே ஆளும் சொல் ‘துவரி’. இன்றைய வழக்கில் சொன்னால், தலை துவட்டி. திருமுருகாற்றுப்படையில் ‘துவர’ என்பதற்கு முற்றவும் என்று பொருள். ஈரம் முற்றவும் போவதும் துவர்தல் என்பதால் இந்த இரண்டும் தூரத்துச் சொந்தமல்ல.

குமரி மாவட்டத்தில் குளித்துத் துடைக்கும் துண்டு துவர்த்து, பேச்சில் தோர்த்து. மழை விட்டால் மழை தோர்ந்தது. துவரன் என்பது மலையாளத் ‘தோரன்’ திரிந்த வடிவம், 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததன் எச்சம் என்ற வாதத்துக்கு இவையே பதில். மலையாளத்தில் கறி தோரன், துண்டு தோர்த்து, மழை ஓய்தல் தோருக. மூன்றிலும் ‘துவ’ சுருங்கித் ‘தோ’ ஆகிறது. பருப்போ சுருங்காமல் துவரப்பரிப்பு என்றே நிற்கிறது. கறியின் பெயர் துண்டோடும் மழையோடும் சேர்ந்து போகிறதே தவிரப் பருப்போடு போகவில்லை. சுருங்கிய வடிவத்திலிருந்து சுருங்காத வடிவம் திரிந்து வந்தது என்பது கரையிலிருந்து ஆறு பிறந்தது என்பதற்குச் சமம். நாஞ்சில் நாட்டு அடுப்படி பழைய வடிவத்தை விடவில்லை, அவ்வளவுதான்.

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினாலும் சான்று உண்டு. தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் கீரையையும் வாழைப்பூவையும் நீர் வற்றக் கிளறி எடுத்தால் துவட்டல். தலை துவட்டலும் கீரைத் துவட்டலும் ஒரே வினை, ஈரத்தை எடுப்பது. யாழ்ப்பாணத்தில் முருங்கையிலையைத் தேங்காய்ப்பூவோடு கிளறினால் வறை. சுண்டல் என்றும் சொல்வதுண்டு. வறை வறளோடும் சுண்டல் நீர் சுண்டுவதோடும் சேரும். கடல் கடந்தும் இந்தக் கறிக்குப் பெயர் வைத்தது ஈரமின்மைதான்.

எஞ்சுவது ‘அன்’ விகுதி. உயர்திணை ஆண்பாலுக்குரியது கறிக்கு எப்படி வந்தது என்று இலக்கணம் காட்டி மடக்குவார் உண்டு. அப்படியானால் அதே இலையில் இருக்கும் ஓலனையும் காளனையும் என்ன செய்வது? சித்திரையில் சக்கை பழுத்ததும் வரும் பிரதமன் இருக்கிறது. பிரதமம் என்றால் முதல், அதனால் பிரதமன் என்று அதற்கும் ஒரு கதை சொல்கிறார்கள். இலைக்கு அது வருவதோ சாம்பார் முடிந்த பிறகு. அந்த வழக்கு தனி. துவரனைப் பொறுத்தவரை, துவர்த்து காயும் கொடியில்தான் அதன் வேர் இருக்கிறது. பருப்புப் பானையில் இல்லை.