வவுச்சர் இல்லாத வரலாறு

திருவொற்றியூரில் ஒரு பெரியவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். முப்பது வருஷம் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். எந்தத் தொழிற்சாலை என்பதும் வேண்டாம்.

அந்தக் காலத்து ஸ்டிரைக் ஒன்றைப் பற்றிக் கேட்கப் போயிருந்தேன். ரிக்கார்டரை ஆன் செய்ததுமே மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். குரலே வேறாகிவிட்டது.

"நாப்பது நாளு, தம்பி. ஒருத்தன் உள்ள போவல. ஒரே ஒருத்தன் போவல. கேட்டாண்டயே கஞ்சி காச்சிக் குடிச்சோம்."

போதாதா? கட்டுரை கிடைத்துவிட்டது. ரிக்கார்டரை ஆஃப் செய்துவிட்டு டீயைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் சமையலறையிலிருந்து அவர் மனைவி ஒரு விஷயம் சொன்னார். அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் ஊர் சுற்றிவிட்டு வரலாம்.

வடசென்னையின் வரலாற்றை எழுத வேண்டுமென்றால் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறக்கப்பட்டது. திருவொற்றியூரில் 1946-ல் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய வியாபாரம்தான் பின்னால் எம்.ஆர்.எஃப். ஆனது. இதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பெனிகளுக்குள் காலை ஷிப்டுக்கு ஓடியவர் என்ன சாப்பிட்டார், ஃபோர்மேனைப் பார்த்து ஏன் பயந்தார், மகனையும் அதே வேலைக்கு அனுப்ப நினைத்தாரா? எந்த ஃபைலிலும் இருக்காது. கேட்டால்தான் உண்டு. சமூகவியல்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். அதற்குப் பெயர் பேட்டி.

பேட்டிக்கு எவ்வளவு பலம்? நம் சென்னையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

மாக்ஸ் வேபர் என்றொரு ஜெர்மானியர். சமூகவியலின் பிதாமகர்களில் ஒருவர். கர்மா, மறுபிறவி, சாதி இதையெல்லாம் நம்புகிற சமூகத்தில் நவீன முதலாளித்துவம் தானாக முளைத்திருக்க முடியாது என்று 1916-17-ல் எழுதினார். ஆள் இந்தியாவுக்கு வந்திருக்கிறாரா? ம்ஹூம். முழுக்கப் புத்தகம் படித்தே எழுதினார்.

1964-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் மில்டன் சிங்கர் சென்னைக்கு வந்தார். இங்கே பெரிய பெரிய தொழில்களை நடத்திக்கொண்டிருந்த 19 பேரைச் சந்தித்தார். 'உங்கள் மதம் உங்கள் தொழிலுக்குக் குறுக்கே நிற்கிறதா?' விஷயம் அவ்வளவுதான்.

நிற்கவில்லை. ஆபீஸில் பேன்ட், சட்டை, ஆங்கிலம், எல்லாச் சாதிக்காரர்களோடும் உட்கார்ந்து சாப்பாடு. வீட்டுக்குப் போனால் தாய்மொழி, பூஜை, ஆசாரம். இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர். பூஜைக்கு நேரமில்லையா? சுருக்கிக்கொள்ளலாம். அல்லது மனைவியிடமும் புரோகிதரிடமும் ஒப்படைத்துவிடலாம். மனதுக்குள் சண்டையே இல்லை. 1972-ல் வெளியான தன் புத்தகத்தில் சிங்கர் இதை விரிவாக எழுதினார். நூலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாத விஷயம், நேரில் கேட்டபோது கிடைத்துவிட்டது.

சபாஷ். ஆனால் கொஞ்சம் நில்லுங்கள். அந்த 19 பேரும் மேலே இருந்தவர்கள். அவர்கள் சொன்னது அவர்களைப் பற்றி அவர்களே வரைந்த படம். போட்டோவுக்குத் தலை வாரிக்கொள்ளாதவர் யார்? 'ஆபீஸில் சாதி பார்ப்பதில்லை' என்று முதலாளி சொல்லலாம். கேன்டீனில் தட்டு கழுவுகிறவரையும் கேட்டால்தானே கணக்கு முடியும்?

தொழிலாளியைக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். அதே சிகாகோவுக்குப் பக்கத்தில் ஹாதார்ன் என்றொரு டெலிபோன் தொழிற்சாலை. 1928-லிருந்து 1930 வரை அங்கே சுமார் 21,000 தொழிலாளர்களைப் பேட்டி எடுத்தார்கள். முதலில் கேள்விப் பட்டியலோடு போனார்கள். விளக்கு வசதி எப்படி, மேற்பார்வையாளர் எப்படி என்று கேட்டால் ஜனங்கள் வேறெங்கோ போனார்கள். மனைவியின் நோய், வீட்டுக் கடன். கடைசியில் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'நீங்களே பேசுங்கள்' என்று விட்டார்கள். அரை மணி நேரப் பேட்டி ஒரு மணி, ஒன்றரை மணி என்று நீண்டது. விஷயமும் அப்போதுதான் வந்தது.

அப்படியும் எல்லாம் வரவில்லை. 1931-32-ல் 14 தொழிலாளர்களை ஒரு தனி அறையில் வேலை செய்ய வைத்து, மூலையில் ஒருவர் உட்கார்ந்து கவனித்தார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களுக்குள் ஒரு ரகசிய அளவு இருந்தது. மீறினால் கைச்சந்தில் ஒரு குத்து! இதைவிடப் பெரிய வேடிக்கை, தினமும் எழுதிக் கொடுத்த உற்பத்திக் கணக்கும் நிஜமில்லை. கூடுதலாகச் செய்ததை நல்ல நாளில் மறைத்து, மோசமான நாளில் காட்டினார்கள். ஆகவே 'பேட்டி பொய், காகிதம் மெய்' என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள்.

இன்னொரு சிக்கல், கேட்பவர் யார் என்பது. 1937-ல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் சூசன் ஹாம்லின் என்ற முதியவரிடம் அடிமை வாழ்க்கையைப் பற்றிக் கேட்டார்கள். வெள்ளைக்காரப் பெண்மணி கேட்டபோது, எஜமான் நல்லவர் என்றார். வந்திருப்பவர் நிவாரண உதவி கொடுக்கும் ஆபீஸிலிருந்து வந்தவர் என்ற நினைப்பு. பிறகு ஒரு கறுப்பர் வந்து கேட்டார். சவுக்கடியும், பிள்ளையைப் பிரித்து விற்ற கதையும் வெளியே வந்தன.

எண்ணூரிலும் இதை நான் பார்த்திருக்கிறேன். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து முகத்துவாரம் கறுத்துப் போன சமயம். மீனவர் ஒருவரிடம் நோட்டை விரித்தேன். 'நிவாரணக் கணக்கெடுப்பா சார்?' என்பதுதான் முதல் கேள்வி. இல்லை, பத்திரிகைக்காரன் என்றேன். பேச்சு வேறு திசையில் போனது. பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். வலையும் படகும் பாழான மனிதர், வந்தவன் யாரென்று பார்த்துத்தானே பேசுவார்? ஆனால் எந்தத் திருப்பத்தில் நண்டு, எந்த ஓதத்தில் இறால் என்று அவர் விவரித்தபோது நான் பேனாவை நிறுத்தவே இல்லை. அது வேறு எங்கே கிடைக்கும்?

நான் படித்தது பி.காம். கேஷ் புக் ஒரு தொகை சொல்லும், பேங்க் பாஸ் புக் வேறொன்று சொல்லும். உடனே யாரோ திருடிவிட்டார்கள் என்று கத்தக் கூடாது. ஒன்றைக் கிழித்துப் போடவும் கூடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று ஒரு ஸ்டேட்மென்ட் போட வேண்டும். பேட்டிக்கும் அதே வைத்தியம்தான். சொன்னதும் நடந்ததும் எங்கே பிரிகின்றனவோ, அங்கேதான் சரக்கு இருக்கிறது.

சரி, திருவொற்றியூர் அம்மா சொன்னதற்கு வருவோம்.

"நாப்பது நாளா? பதினஞ்சாம் நாளே இவரு பின்கேட்டு வழியா உள்ள போனாரு, தம்பி. வூட்ல அரிசி இல்ல. புள்ளைக்கு ஜொரம். நாந்தான் போன்னு சொன்னேன்."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் பேசவில்லை. டீ ஆறிப் போயிற்று.

ரிக்கார்டரில் இருப்பது ஒரு தொழிலாளி சொன்ன வீர வரலாறு. ரிக்கார்டரில் இல்லாதது பசி. இத்தனை வருஷம் கழித்தும் ஒரு மனிதனால் வாய்விட்டுச் சொல்ல முடியாத வெட்கம். இரண்டில் ஒன்றை விட்டாலும் அந்த ஸ்டிரைக்கின் கதை பாதிதான்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "எழுதலாமா ஐயா?" என்றேன். கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதுங்க. பேரு மட்டும் போடாதீங்க, தம்பி."