எம். ஆர். ராதா

மதராஸ் இராஜகோபாலன் இராதாகிருஷ்ணன் என்னும் எம். ஆர். ராதா (1907 - செப்டம்பர் 17, 1979) தமிழ் நாடக, திரைப்பட நடிகர். நகைச்சுவை, எதிர்நாயகன் ஆகிய இருவகை வேடங்களிலும் புகழ்பெற்றார். மேடையில் சமயம், சாதி, அரசு ஆகியவற்றை நேரடியாகச் சாடியதால் தடைகளையும் கைதுகளையும் பலமுறை எதிர்கொண்டார். 'நடிகவேள்' என அழைக்கப்படுகிறார்.

இளமை

சென்னையில் பிறந்தார். இராணுவத்தில் பணியாற்றிய தந்தை முதல் உலகப் போரில் இறந்தார். சிறுவயதிலேயே வீட்டை விட்டு வெளியேறி நாடகக் குழுக்களில் சேர்ந்தார். ஜெகந்நாதய்யர் குழுவில் பயிற்சி பெற்றார். மின்னமைப்பு, மோட்டார் வாகனப் பழுது ஆகிய வேலைகளிலும் தேர்ச்சி உடையவர்.

நாடகங்கள்

1937இல் வெளிவந்த ராஜசேகரன் முதலிய சில படங்களில் நடித்தபின் ராதா மேடைக்கே திரும்பினார். பெரியாரின் சுயமரியாதைக் கருத்துகளை ஏற்றுக்கொண்டு இழந்த காதல், விமலா அல்லது விதவையின் கண்ணீர், போர்வாள் போன்ற நாடகங்களை நடத்தினார். தூக்குமேடை நாடகத்தை எழுதிய மு. கருணாநிதிக்குக் 'கலைஞர்' என்னும் பட்டத்தை வழங்கியவர் இவரே.

திருவாரூர் கே. தங்கராசு எழுதிய இரத்தக்கண்ணீர் இவருடைய நாடகங்களுள் மிகவும் பெயர்பெற்றது. வெளிநாடு சென்று திரும்பிய மோகனசுந்தரம், மனைவியைப் புறக்கணித்துப் பொருளையெல்லாம் இழந்து தொழுநோயாளி ஆகிறான். அழுகைக்குரிய இக்கதையில் ராதா அவையோரை இடைவிடாது சிரிக்கவைத்தார். அன்றைய செய்தித்தாளில் வந்ததைக்கூட அன்றிரவே வசனத்தில் சேர்த்துக் கேலி செய்வார். இக்கால மேடைத் தனிநகைச்சுவைக்கு இதனை முன்னோடியாகக் கருதலாம். தொழுநோயை ஒழுக்கக்கேட்டின் தண்டனையாகக் காட்டும் கதைப்போக்கு மட்டும் இன்று ஏற்கத்தக்கதன்று. அது கூட்டு மருந்துச் சிகிச்சையால் முழுமையாகக் குணமாகும் நோய்.

தடைகளும் சட்டமும்

ஆங்கிலேயர் 1876இல் இயற்றிய நாடகச் சட்டம் நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. விடுதலைக்குப் பின்னரும் அது நீடித்தது. ஒரு நாடகம் தடைசெய்யப்பட்டால் ராதா பெயரை மாற்றி அதனையே மீண்டும் நடத்தினார். இராமாயணத்தை விமர்சித்து அவர் நடத்திய நாடகம் பெரும் எதிர்ப்பைக் கிளப்பிய காலத்தில், 1954இல், சென்னை மாநில அரசு புதிய நாடகச் சட்டத்தைக் கொண்டுவந்தது. எழுத்துப்படியைக் கேட்டுப் பெறவும் நாடகத்தைத் தடுக்கவும் அது வழிசெய்தது. ஆயினும் ராதாவின் கூர்மையான வசனங்கள் பல எழுத்துப்படியில் இருந்தவை அல்ல; மேடையிலேயே பிறந்தவை. படியைப் படித்துப் பார்க்கும் அதிகாரியால் அவற்றை முன்கூட்டி அறிய இயலாது. இச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல்தான் செல்லாதவை என அறிவித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் எழுத்தாளரும் நாடகக் கலைஞருமான ஞாநி.

திரைப்படங்கள்

கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் 1954இல் வெளியான இரத்தக்கண்ணீர் படம் ராதாவை மீண்டும் திரையுலகுக்குக் கொண்டுவந்தது. கரகரத்த குரல் திடீரெனக் கீச்சுக்குரலாக மாறும் அவருடைய பேச்சுமுறையை இன்றும் பலர் போலிசெய்கின்றனர். பாகப்பிரிவினை (1959), பலே பாண்டியா (1962), பெரிய இடத்துப் பெண் (1963), புதிய பறவை (1964) ஆகியவை குறிப்பிடத்தக்க பிற படங்கள்.

துப்பாக்கிச் சூடு வழக்கு

1967 சனவரி 12 அன்று எம். ஜி. இராமச்சந்திரனை அவரது இராமாபுரம் வீட்டில் சுட்ட வழக்கில் ராதா தண்டிக்கப்பட்டார். அந்நிகழ்வில் இருவருமே குண்டுக் காயமடைந்து உயிர்பிழைத்தனர், எம்.ஜி.ஆரின் குரல் நிலையாகப் பாதிக்கப்பட்டது. 1971இல் விடுதலையான ராதா, பின்னரும் நாடகங்களிலும் படங்களிலும் நடித்தார். எழுத்தாளர் விந்தன் அவரிடம் கேட்டு எழுதியவை சிறைச்சாலைச் சிந்தனைகள் என்னும் நூலாக வெளிவந்தன.

மறைவு

திருச்சிராப்பள்ளியில் காலமானார். அன்று பெரியார் பிறந்து நூறாண்டு நிறைவுற்ற நாள். நடிகர்கள் எம். ஆர். ஆர். வாசு, ராதாரவி, ராதிகா, நிரோஷா ஆகியோர் இவருடைய மக்கள்.