தண்டுவட மரப்பு நோயும் உடல் நொய்மையும்: ஒரு வரலாறு

தண்டுவட மரப்பு நோய் (மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்) மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மயலின் உறையை உடலின் தற்காப்பு அமைப்பே தாக்குவதால் உண்டாவது. பார்வைக் குறைபாடு, மரத்துப்போதல், கால் தளர்ச்சி, கடும் சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். நொய்மை என்பது வேறு. உடலின் பல அமைப்புகளும் தம் சேமிப்பு வலுவை இழந்து, சிறு காய்ச்சலோ ஒரு வீழ்ச்சியோ கூட ஒருவரை மீள முடியாமல் படுக்கையில் தள்ளிவிடும் நிலை அது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க மருத்துவம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது.

இந்நோயின் போக்கை விரிவாகக் காட்டும் மிகப் பழைய ஆவணங்களில் ஒன்று, இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரன் அகஸ்டஸ் டி எஸ்டே (1794–1848) எழுதிய நாட்குறிப்பு. 1822 டிசம்பரில், தந்தையைப் போல் நேசித்த உறவினர் ஒருவரின் இறுதிச்சடங்குக்குப் பின் அவருக்குப் பார்வை மங்கியது. கடிதங்களைப் பிறர் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. எந்தச் சிகிச்சையும் இல்லாமல் பார்வை தானே திரும்பியது. 1827-இல் ஃபிளாரன்ஸ் நகரில் இருந்தபோது எல்லாப் பொருள்களும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. மருத்துவர் பித்தமே காரணம் என்று கருதி, நெற்றிப்பொட்டில் அட்டைகளை விட்டு ரத்தத்தை உறிஞ்சச் செய்தார், பேதிக்கும் கொடுத்தார், கையிலிருந்தும் ரத்தம் எடுக்கப்பட்டது. கண் தெளிந்தது, அடுத்து கால்கள் வலுவிழக்கத் தொடங்கின. டிசம்பர் 4-ஆம் தேதி வாக்கில் ஒரே நாளில் இரண்டு முறை தரையில் விழுந்தார். ஏறத்தாழ 21 நாட்கள் எழ முடியாத தளர்ச்சியில் கிடந்தார்.

பின்னர் இங்கிலாந்தில் அவருக்குக் கிடைத்த அறிவுரை நேர் எதிரானது. நாளுக்கு இரண்டு வேளை மாட்டிறைச்சி, போர்ட்டர் என்னும் கரும்பீர், ஷெர்ரி, மதேரா ஒயின்கள், தைலம் பூசித் தேய்த்தல் ஆகியவை பரிந்துரைக்கப்பட்டன. ஒருவர் ரத்தத்தை எடுத்தார், மற்றவர் ஊட்டம் கொடுத்தார். நோயின் பெயர் இருவருக்குமே தெரியாது. டி எஸ்டே கைத்தடிக்கும், 1840-களில் சக்கர நாற்காலிக்கும் வந்து, தன் 54-ஆம் வயதில் இறந்தார். 1941-இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்த அந்நாட்குறிப்பை டக்ளஸ் ஃபர்த் ஆராய்ந்து 1948-இல் நூலாக வெளியிட்டார். விட்டுவிட்டு வரும் தாக்குதல்கள், பின்னர் மெல்லப் பெருகும் தளர்ச்சி என்ற போக்கைக் கொண்டு, அது தண்டுவட மரப்பு நோயே என்று நரம்பியலாளர்கள் கருதுகின்றனர்.

1868-இல் பாரிஸின் சால்பெத்ரியே மருத்துவமனையில் ழான் மார்ட்டின் சார்க்கோ இந்நோயைத் தனி நோயாக வரையறுத்தார். ஆனால் நோயாளியின் அன்றாட வாழ்வைப் பின்னாளில் அதிகம் பாதித்தது வேறொரு கண்டுபிடிப்பு. 1890-இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊத்தோஃப், உடலுழைப்புக்குப் பின் சில நோயாளிகளின் பார்வை மங்குவதைக் குறிப்பிட்டார். உடல் வெப்பம் கூடுவதே அதற்குக் காரணம் என்பதும், உடல் குளிர்ந்தால் பார்வை பழைய நிலைக்குத் திரும்பும் என்பதும் பின்னரே தெரிந்தன. ஆயினும் உழைப்பு நோயை வளர்க்கும் என்ற அச்சம் நிலைத்துவிட்டது. ஓய்வெடுங்கள், உடற்பயிற்சி வேண்டாம் என்பதே பல பத்தாண்டுகள் நோயாளிகள் கேட்ட அறிவுரை. ஓய்வு தசையைக் கரைக்கும், இதயத்தின் திறனையும் எலும்பின் அடர்த்தியையும் குறைக்கும். இவ்வாறு வந்த தளர்ச்சியும் நோயின் கணக்கிலேயே எழுதப்பட்டது.

அளவீடும் அதற்குத் துணை நின்றது. அமெரிக்க நரம்பியலாளர் ஜான் கர்ட்ஸ்கி 1955-இல் ஒரு இயலாமை அளவுகோலை உருவாக்கி, 1983-இல் அதை விரிவுபடுத்தினார். இன்றும் உலகெங்கும் பயன்படும் அது 0-இல் தொடங்கி 10-இல் முடிகிறது. 10 என்பது இந்நோயால் நேரும் மரணம். அதன் நடுப்பகுதி பெரும்பாலும் நடையை மட்டுமே பார்க்கிறது. 100 மீட்டர் நடக்க ஒரு ஊன்றுகோல் தேவைப்பட்டால் 6; உதவியுடனும் 5 மீட்டருக்கு மேல் நடக்க முடியாவிட்டால் 7. நடை ஏன் குன்றியது, நரம்பாலா, பயன்படுத்தாத தசையாலா என்று அது கேட்பதில்லை.

1996-இல் பெட்டஜானும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 15 வார ஏரோபிக் பயிற்சியைச் சோதித்தனர். பயிற்சி செய்தவர்களின் உடல்திறனும் தசை வலுவும் மேம்பட்டன. பழைய அறிவுரையின் பிடி அதன்பின் தளர்ந்தது.

நொய்மைக்கு வரையறை வந்தது முதியோர் மருத்துவத்திலிருந்துதான். 2001-இல் லிண்டா ஃப்ரீட் குழுவினர் 65 வயதைக் கடந்தவர்களிடம் ஐந்து அடையாளங்களைக் கண்டனர்: தானாக எடை குறைதல், களைப்பு, பிடிவலுக் குறைவு, மெதுவான நடை, குறைந்த உடலியக்கம். மூன்று இருந்தால் நொய்மை. தண்டுவட மரப்பு நோய் உள்ள 35 வயதுக்காரருக்கும் இவற்றில் மூன்று நோயாலேயே வந்துவிடலாம். இதனால் இந்த அளவை அப்படியே பொருத்துவது சிக்கலானது. அதே ஆண்டு கனடாவில் மிட்னிட்ஸ்கியும் ராக்வுட்டும் வேறு வழி காட்டினர். இதய நோய், மறதி, பசியின்மை எனப் பலவகைக் குறைகளைப் பட்டியலிட்டு, ஒருவரிடம் உள்ளவற்றை மொத்த எண்ணிக்கையால் வகுக்கும் குறியீடு அது. 40 குறைகளில் 10 இருந்தால் 0.25. நடையோடு நின்றுவிடாமல் முழு உடலையும் கணக்கில் கொள்வதால், தண்டுவட மரப்பு நோய் ஆய்வுகளிலும் இது இடம்பெற்றது.

நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டா-1பி 1993-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்று இந்நோயுடன் 60, 70 வயதைக் கடப்பவர்கள் பலர். ஆனால் நொய்மை இவர்களிடம் நடுவயதிலேயே தென்படுவதையும், அடிக்கடி கீழே விழுவதோடு அது தொடர்புடையதாக இருப்பதையும் அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. இழந்த நரம்பிழையை மீட்டுத்தரும் மருந்து இன்னும் இல்லை. நொய்மையின் ஒரு பகுதியை, அதாவது பயன்படுத்தாமல் தேய்ந்த தசையையும் குன்றிய உடல்திறனையும், பயிற்சியாலும் உணவாலும் ஓரளவு திருப்ப முடிகிறது.