காசநோய் மருத்துவமனைகளில் தொற்றுத் தடுப்பு

காசநோயாளியின் இருமலில் கிளம்பும் கிருமி பக்கத்துப் படுக்கையில் இருப்பவரையும் செவிலியரையும் பற்றாமல் காக்கும் ஏற்பாடு. காலராவுக்குத் தண்ணீர், சிரங்குக்குத் தொடுகை, காசத்துக்குக் காற்று என்று தொற்றும் வழிகள் வெவ்வேறு. இருமலின் நுண்துளிகள் உலர்ந்து மணிக்கணக்கில் மிதப்பதால், பினாயில் ஊற்றித் தரையைத் துடைப்பது இங்கே பெரும்பாலும் மனத்திருப்திக்குத்தான்.

தொடக்க காலம்: மருந்து வராத நாளில் நோயாளியை ஊருக்கு வெளியே ஒதுக்குவதே தடுப்பாக இருந்தது. இங்கிலாந்தில் சானடோரியம் நடத்திய டாக்டர் சவுரி முத்து 1928இல் தாம்பரத்தில் 12 படுக்கைகளுடன் ஒன்றைத் தொடங்கினார். மரநிழல், அகன்ற தாழ்வாரம், திறந்த ஜன்னல், சத்துணவு, ஓய்வு ஆகியவையே அன்றைய சிகிச்சை. 1937இல் அதை அரசு ஏற்றுக்கொண்டது. ரயில் நிலையத்தின் பெயரே தாம்பரம் சானடோரியம் ஆயிற்று. வேறெந்த நோய்க்கும் இந்தப் பேறு வாய்த்ததாகத் தெரியவில்லை. தஞ்சை வட்டாரத்துக்குச் செங்கிப்பட்டி சானடோரியம் இருந்தது. ஆனால் அது தஞ்சைக்கும் மேற்கே. திருத்துறைப்பூண்டியிலிருந்து போகிறவருக்கு காவிரி டெல்டாவையே குறுக்கே கடக்கும் தொலைவு. அறுவடையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் அங்கே படுத்திருக்கக் கூலிக்காரருக்கு முடியுமா?

சென்னை ஆய்வு: 1956இல் சேத்துப்பட்டில் அமைந்த காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவரை நெரிசலான சொந்த வீடுகளிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தது. முடிவுகள் 1959இல் வெளியாயின. குணமடைந்தோர் தொகையில் பெரிய வேறுபாடில்லை. வீட்டில் இருந்தவரின் குடும்பத்தாருக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. பரவல் பெரும்பாலும் நோயைக் கண்டறியும் முன்பே நடந்து முடிந்திருந்தது. சானடோரியத்தின் தேவை அத்தோடு தீர்ந்தது. சேத்துப்பட்டு மையமே இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

நடைமுறை: சளி மாதிரியை அறைக்குள் எடுப்பதில்லை. டப்பாவைக் கொடுத்து, மரத்தடிக்கோ ஆளில்லாத வெட்டவெளிக்கோ போய் ஆழ இருமித் துப்பிவரச் சொல்வார்கள். இருமுபவரைப் புறநோயாளி வரிசையிலிருந்து பிரித்து முதலில் பார்ப்பதும், அவருக்குச் சாதாரண முகக்கவசமும் ஊழியருக்கு என்95 கவசமும் தருவதும் விதி. தொற்றுள்ளோர் அறையில் மணிக்குப் பன்னிரண்டு முறை காற்று மாற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தாலே காற்றுள்ள நாளில் அது கிடைத்துவிடும். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைச் சாரலுக்கு முதலில் சாத்தப்படுவதும் அந்த ஜன்னல்கள்தான்.

தற்போது மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். பெரும்பாலோர் வீட்டிலிருந்தே சாப்பிடுகின்றனர்.