லாபுவின் அமில மண்ணும் ஓக் மரங்களும்: சைமிங்டனின் உயர எல்லைக்கு ஒரு மறுப்பு

மலாயாக் காடுகளை வகைப்படுத்த முனைவோர் காலின் ஃப்ரேசர் சைமிங்டனிடமிருந்தே தொடங்குகின்றனர். டிப்டெரோகார்ப் மரங்களுக்கு வனத்துறையினருக்காக அவர் எழுதிய கையேடு, ஜப்பானியர் படையெடுத்த வேளையில் அச்சில் இருந்தது. அதைச் சிலர் 1941 என்றும் சிலர் 1943 என்றும் குறிக்கின்றனர். அச்சுக்குப் போன ஆண்டும் வெளிவந்த ஆண்டும் வேறாக இருந்ததால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்கலாம். நான் 1943-ஐக் கொள்கிறேன். அதே ஆண்டில் அவர் நைஜீரியாவில் இறந்தார்.

அவருடைய பகுப்பு எளியது: 300 மீட்டர் வரை தாழ்நில டிப்டெரோகார்ப் காடு, 750 வரை குன்றுக் காடு, 1,200 வரை மேல் டிப்டெரோகார்ப் காடு, 1,500 வரை மலை ஓக் காடு, அதற்கு மேல் எரிக்கேசியக் குறுங்காடு. டிப்டெரோகார்ப் மரங்களான மெரந்தியும் செங்காலும் எங்கே கிடைக்கும் என்று தேடிய வன அதிகாரிக்கு இதைவிட உதவியான அட்டவணை அமைந்திருக்காது. பின்வந்தவர்களோ இதையே இயற்கையின் விதியாகப் படித்தார்கள். ‘ஓக்’ என்ற பெயர் 1,200 மீட்டருக்கு மேலுள்ள பட்டைக்கு மட்டும் சூட்டப்பட்டதால், ஓக் என்றாலே குளிர்மலை என்ற எண்ணம் வேரூன்றியது. சிரம்பானை அடுத்த லாபு போன்ற தாழ்நிலத்தில், பால்மரத்துக்கும் செம்பனைக்கும் முன் நின்ற காட்டில் ஓக் குடும்பத்துக்கு இடம் இருந்ததா என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

உயரத்தையே காரணமாகக் கொள்ளும் வாசிப்பு இரண்டு இடங்களில் தடுமாறுகிறது. குன்றுக் காட்டின் அடையாள மரமான செராயா, வெறும் 163 மீட்டர் உயரமுள்ள சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் ஓங்கி நிற்கிறது. மலையுச்சிகளுக்குரிய சுச்சோர் ஆத்தாப் என்ற மரம், கோலாலம்பூரை ஒட்டிய கிள்ளான் கேட்ஸ் படிகப்பாறை முகட்டில், 400 மீட்டருக்குள்ளேயே வளர்கிறது. முகட்டின் மெலிந்த, சத்தற்ற, புளித்த மண்ணே இவற்றைக் கீழே இறக்கியிருக்கிறது. 1969-இல் ஆய்வாளர்களான விட்மோரும் பர்ன்ஹாமும் கோலாலம்பூர் அருகே கருங்கல் மலைகளில் காடு மாறும் வரிசையையும் மண் மாறும் வரிசையையும் சேர்த்தே ஆராய்ந்தார்கள். 1971-இல் கிரப், மேகம் படியும் உயரத்தில் இலைச்சருகு மட்காமல் தேங்கி, மரத்துக்குச் சத்து கிடைப்பது குறைகிறது என்று வாதிட்டார். வெப்பமானியிலிருந்து மண்ணுக்கு விவாதத்தை நகர்த்தியவர்கள் இவர்களே.

என் வாதம் தங்கியிருப்பது பாசோவில். லாபு இருக்கும் நெகிரி செம்பிலானிலேயே, சிம்பாங் பெர்த்தாங் அருகே, 100 மீட்டரை ஒட்டிய உயரத்தில் உள்ள காப்புக்காடு அது. 1985 முதல் அங்கே 50 ஹெக்டேரில், ஒரு சென்டிமீட்டர் தடிமனைத் தாண்டிய ஒவ்வொரு மரமும் எண்ணப்பட்டது. ஏறத்தாழ 3,35,000 மரங்கள். கொச்சும்மனும் லாஃப்ராங்கியும் மனோகரனும் 1990-இல் வெளியிட்ட இனப் பட்டியல் 820 இனங்கள் கொண்டது. அதில் ஓக் குடும்பம் ஓரத்து விருந்தாளியாக வரவில்லை. மெம்பெனிங் எனப்படும் லித்தோகார்ப்பஸ், பெராங்கான் எனப்படும் காஸ்டனோப்சிஸ், அசல் ஓக்கான குவெர்க்கஸ் அர்ஜென்டாட்டா என மூன்று பேரினங்களும் உண்டு. சைமிங்டனின் ஓக் பட்டைக்கு ஆயிரம் மீட்டருக்கும் கீழே, மெரந்தியின் நிழலில் அல்ல, மெரந்திக்கு இணையாக விதானத்தை எட்டி நிற்கும் மரங்கள் இவை. பாசோவின் மண் கடும் அமிலத்தன்மை கொண்டது. ஓக்குக்கும் மெரந்திக்கும் வேரில் ஒரே வகைப் பூஞ்சைக் கூட்டு உண்டு. புளித்த மண்ணில் பாஸ்பரஸைச் சுரண்டி எடுத்துத் தருவது அதுதான். குளிர் இங்கே எந்தப் பங்கும் வகிக்கவில்லை.

ஓக் அமில மண்ணோடு சேர்வது மலாயாவுக்கு மட்டும் உரியதல்ல: அமெரிக்காவின் ஓசார்க் மேட்டுநிலத்தில் ஓக்கும் ஹிக்கரியும் சேர்ந்து நிற்பதும் பெரும்பாலும் வறண்ட, அமில மண்ணில்தான்.

பாசோவிலிருந்து லாபுவுக்குத் தாவுவது அனுமானமே. இடையே தீத்திவாங்சா மலைத்தொடரின் தென்பகுதி குறுக்கிடுகிறது. பாசோவில் மழையும் குறைவு. ஆனாலும் இந்த அனுமானத்தை நான் விடுவதாக இல்லை. தாழ்ந்த நிலம், சிதைந்து புளித்த மண், டிப்டெரோகார்ப் காடு ஆகிய மூன்றும் இரண்டு இடங்களுக்கும் பொது. லாபுவில் ஓக் இல்லை என்று சொல்பவரே காரணம் காட்டக் கடமைப்பட்டவர். தோட்டங்கள் திறக்கப்பட்ட 1900-களின் தொடக்கப் பதிவுகள் ஏக்கரைக் கணக்கிட்டன. வெட்டி எரித்த மரத்தின் இனத்தைக் கணக்கிடவில்லை. காடு எந்தப் பத்தாண்டில் முழுதும் மறைந்தது என்பதையும் இப்போதைக்குத் திறந்தே விடுகிறேன்.

சைமிங்டனின் நூலை ஆஷ்டனும் அப்பண்ணாவும் 2004-இல் திருத்திப் பதிப்பித்தார்கள். மரங்களை அடையாளம் காண இன்றும் அதுவே துணை. உயர எல்லையை மட்டும் அதிலிருந்து காரணமாக எடுத்தாளக் கூடாது. நெகிரி செம்பிலானில் தோட்ட ஓரங்களையும் ஆற்றங்கரைகளையும் மீண்டும் காடாக்க முனைவோர் மெரந்தியோடு மெம்பெனிங், பெராங்கான் கன்றுகளையும் நட வேண்டும்.