லூகர் கைத்துப்பாக்கியின் இலக்கங்கள்

1945-ஆம் ஆண்டின் வசந்த காலத்திலே ஜேர்மானியப் படைகள் அணியணியாகச் சரணடைந்தபோது, அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் தம் ஊருக்கு ஞாபகப் பொருளாகக் கொண்டு செல்ல விரும்பியது லூகர் என வழங்கும் கைத்துப்பாக்கியையே. அவ்வாறு கப்பலேறிய துப்பாக்கிகள் அச்சிப்பாய்களின் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் உரியவாகி இன்று ஏலச் சாலைகளுக்கு வருகின்றன. அவற்றுடன் பெரும்பாலும் ஒரு கதையும் வரும். ஜேர்மானியத் தளபதி ஒருவரிடமிருந்து பாட்டனார் பறித்தெடுத்தது இது என்பர். முதன்முதலாக லூகர் ஒன்றை வாங்கப் புகும் ஒருவர் கதைக்கு விலை கொடுப்பதா, கையிலுள்ள இரும்புக்கு விலை கொடுப்பதா? கதை மெய்யாகவே இருக்கலாம். ஆயினும் இரும்பிலே பொறிக்கப்பட்டிருப்பவை அதனிலும் உறுதியான சாட்சிகள். பழஞ்சாசனத்தை வாசிப்பது போல அவற்றை வாசிக்கத் தெரியாதவர் சேமித்த பணத்தை இழந்துவிடுதல் எளிது.

இத்துப்பாக்கியின் தோற்றம் 1893-இலே தொடங்குகிறது. ஹியூகோ போர்ச்சார்ட் என்பவர் அவ்வாண்டிலே அமைத்த துப்பாக்கி, முழங்கால் போல மடங்கி நிமிரும் பூட்டினைக் கொண்டது. திறமையானதாயினும் கைக்கு அடங்காதது. ஒஸ்திரியரான ஜோர்ஜ் லூகர் அதனைச் சுருக்கிச் செம்மைப்படுத்தினார். சுவிற்சலாந்துப் படை 1900-இலும், ஜேர்மானியக் கடற்படை 1904-இலும், தரைப்படை 1908-இலும் அதனை ஏற்றுக்கொண்டன. தரைப்படையின் துப்பாக்கிக்குக் குழல் நீளம் 100 மில்லிமீற்றர், கடற்படையினதற்கு 150, முதலாம் உலகயுத்தத்திலே பீரங்கிப் படையினருக்கு வழங்கியதற்கு 200. நீண்ட குழலுடையவற்றுக்கு விலை அதிகமாதலால், சாதாரணத் துப்பாக்கிக்கு நீண்ட குழலைப் பூட்டி விற்போரும் உளர். எனவே அளவுகோல் ஒன்றைக் கையோடு கொண்டு செல்வது நன்று. குழலின் அடியிலுள்ள இலக்கத்தைப் பார்ப்பது அதனிலும் நன்று.

மடங்கும் பூட்டின் மேலே செய்தவரின் முத்திரையும், குழலின் பின்னுள்ள அறையின் மேலே ஆண்டும் காணப்படும். டி, டபிள்யூ, எம் என்னும் எழுத்துக்கள் பின்னிக் கிடந்தால் அது பேர்லின் தொழிற்சாலையின் முத்திரை. முடியும் அதன்கீழ் ஏர்பேர்ட் என்னும் பெயரும் இருந்தால் அது அந்நகரத்து அரச ஆயுதசாலையிலே செய்யப்பட்டது. 1930-இலே இத்தொழில் ஓபேர்ன்டோர்ப் நகரத்து மௌசர் தொழிற்சாலைக்கு மாறிற்று. அங்கே 1934-இல் செய்தவற்றில் ஆண்டுக்குப் பதிலாகக் 'கே' என்ற எழுத்தும், 1935-இல் செய்தவற்றில் 'ஜி' என்ற எழுத்தும், செய்தவர் பெயருக்குப் பதிலாக 'எஸ்/42' என்ற குறியும் இடப்பட்டன. வேர்சேல்ஸ் உடன்படிக்கையை மீறி ஆயுதம் பெருக்கியதை மறைக்கச் செய்த உபாயம் அது. அன்று மறைப்பதற்காக இட்ட அவ்வெழுத்துக்களே இன்று அத்துப்பாக்கிகளை ஐயமின்றிக் காட்டிக்கொடுக்கின்றன என்பது சரித்திரத்தின் வேடிக்கைகளுள் ஒன்று. புதியவரைத் திகைக்கச் செய்யும் இன்னொன்றும் உண்டு. சில துப்பாக்கிகளில் 1917 போன்ற ஓர் ஆண்டுடன் 1920 என்பதும் காணப்படும். இது மோசடியன்று. முதல் யுத்தத்தின் பின்னர், அரசுக்குரிய ஆயுதம் இது என்பதற்கு அடையாளமாக இடப்பட்ட முத்திரையே அது.

இனி விலையைப் பெரிதும் நிர்ணயிக்கும் இலக்கங்களைக் காண்போம். லூகரின் உறுப்புக்கள் ஒன்றோடொன்று பொருந்துமாறு தொழிலாளர் கையால் அரத்தால் அராவிச் சேர்த்தவை. ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றிலே சரிவரப் பொருந்தும் என்பது நிச்சயமில்லை. ஆதலால் முழு இலக்கத்தைச் சட்டத்திலும் குழலிலும் பொறித்து, அதன் கடைசி இரண்டு தானங்களை விசை, பக்கத் தகடு, காப்புநெம்பு முதலிய சிற்றுறுப்புக்களிலும், மரப்பிடியின் உட்புறத்திலுங்கூடப் பொறித்தனர். படைகளுக்குச் செய்தவற்றின் இலக்கம் ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கும்; பதினாயிரம் முடிந்ததும் 'ஏ', 'பி' என எழுத்துச் சேர்ந்து தொடரும். எனவே ஒரே இலக்கத்தை உடைய துப்பாக்கிகள் பல இருத்தல் இயல்பு. ஆண்டையும் எழுத்தையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும். எல்லா உறுப்பும் ஒரே இலக்கமாயின் அத்துப்பாக்கி தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று கொள்ளலாம். ஓர் உறுப்பு வேறாயினும் விலை இறங்கும். பழைய இலக்கத்தை அராவி நீக்கிப் புதிய இலக்கம் பொறிப்போரும் உண்டாகையால், எண்களின் வடிவத்தையும் ஆழத்தையும், அவற்றைச் சுற்றி உலோகம் பள்ளமாகியுள்ளதா என்பதையும் பூதக்கண்ணாடியால் நோக்குதல் வேண்டும்.

அடுத்தது பூச்சு. புதிதாக வாங்குவோர் பளபளப்பைக் கண்டு மயங்குவர். ஆனால் தேய்ந்து நரைத்த பழைய நீலப்பூச்சே சேகரிப்போர் மதிப்பது. மீண்டும் நீலம் பூசப்பட்டதாயின் விலை ஏறக்குறையப் பாதியாகும் என்பது அவர்களிடையே வழக்கு. மெருகிடும்போது விளிம்புகள் மழுங்கும், முத்திரைகள் மங்கும், துருவின் குழிகள் புதிய நீலத்தின் அடியிலே தெரியும். வேறொரு தடயமும் உண்டு. விசை, காப்புநெம்பு முதலிய சிற்றுறுப்புக்கள் சூடேற்றி வைக்கோல் நிறமாக்கப்பட்டன. மௌசர் தொழிற்சாலை 1937-இல் இவ்வழக்கத்தைக் கைவிட்டது. ஆகவே 1916 எனப் பொறித்த துப்பாக்கியின் விசை கருநீலமாயிருந்தாலும், 1940 எனப் பொறித்ததன் விசை மஞ்சளாயிருந்தாலும் ஏதோ நிகழ்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

விலை பேசும்போது விற்பவர் கேட்கும் தொகையை அளவாகக் கொள்ளுதல் தவறு. அதே வகை, அதே ஆண்டு, அதே நிலைமையிலுள்ளவை ஏலத்திலே உண்மையாக விற்ற தொகைகளைத் திரட்டி, ஏலக்காரரின் தரகையும் கணக்கிட்டு ஒப்பிடுதல் வேண்டும். சிப்பாய் கொண்டுவர அனுமதித்த 1945-ஆம் ஆண்டுப் படைப் பத்திரம் கூட இருந்து, அதிலுள்ள இலக்கமும் ஒத்திருந்தால் அக்கதைக்கும் விலையுண்டு. பத்திரமில்லாத கதைக்குக் காசு கொடுப்பது வீண்.

சட்டத்தையும் மறக்கலாகாது. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1898-இலும் அதற்கு முன்னும் செய்தவையே புராதன ஆயுதங்கள். லூகரோ எவ்வளவு பழையதாயினும் அவ்வகுப்பிற் சேராது. ஜேர்மனியிலும் அனுமதிப் பத்திரமின்றி வைத்திருத்தல் இயலாது. கையில் எடுத்தவுடன் முதற்செயல் குண்டு உண்டா எனச் சோதிப்பது. குண்டு இருப்பின் பூட்டின் மேலுள்ள சிறு தகடு உயர்ந்து, அதன் இடப்புறத்திலே 'கெலாடன்', அதாவது நிரப்பப்பட்டது, என்ற சொல் தெரியும். தகடு தாழ்ந்திருந்தாலும் பூட்டைத் திறந்து பார்ப்பதே முறை.

இறுதியாகக் குண்டுப்பெட்டி. முதல் யுத்த காலத்திலே ஒவ்வொரு துப்பாக்கிக்கும் இரண்டு குண்டுப்பெட்டிகள் வழங்கினர். அவற்றின் மர அடியிலே துப்பாக்கியின் இலக்கம் பொறிக்கப்பட்டது. இரண்டாவதற்குக் கூட்டற்குறியும் இடப்பட்டது. போர்க்களத்திலே மாறியும் தொலைந்தும் போனவை இவையே. இலக்கம் ஒத்த ஒரு பெட்டியுடன் வரும் லூகரே அருமை. இரண்டுடனும் வருவது அதனினும் அருமை. அத்தகைய ஒன்று ஏலத்துக்கு வரின் அனுபவம் மிக்க சேகரிப்பாளரே முன்வரிசையில் அமர்ந்திருப்பர்.